போத்தலுக்கு எத்தனை வயது?

ஆடி, ஆவணி வந்தால் ஏ9 வீதியில் கட்டுநாயக்காவிலிருந்து வருகிற வேன்கள் கூடிவிடும். சித்தப்பாமார், மச்சான்மார், மாமிமார் எல்லோரும் வந்து இறங்குவார்கள். இந்த முறை சூட்கேசுக்குள் சொக்லேட்டுக்கும் கோடாலித் தைலத்துக்கும் நடுவில் துவாய் சுற்றிய பழைய வைன் போத்தல்களும் வந்திருக்கின்றன போலிருக்கிறது. ஐம்பதாவது பிறந்தநாள் விருந்துகளாம். கேள்விப் பெட்டியைத் திறந்தால் வேறு கதையே இல்லை. ஆகவே இந்த மாதம் முழுக்க வைன்தான். ஒன்று மட்டும்: 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டப்படி மதுவுக்கு விளம்பரம் செய்யக் கூடாது. எந்தக் கடையில் எந்தப் போத்தல் வாங்கலாம் என்று கேட்டவர்களின் கடிதங்கள் குப்பைக் கூடைக்குப் போய்விட்டன. இருபத்தொரு வயது நிரம்பாதவர்கள் பக்கத்தைப் புரட்டி ராசிபலன் வாசியுங்கள்.

பரந்தன் மச்சான்: சுவிசில இருந்து வந்த மச்சான் இருபது வருசப் பழசு எண்டு ஒரு போத்தலைத் தூக்கிக் காட்டுறார். பழசானால் எல்லா வைனும் திறமா வருமோ?

வராது. உலகத்தில் விற்கிற வைனில் மிகப் பெரும்பகுதி, வாங்கி ஓரிரு வருடத்துக்குள் குடித்து முடிக்கவென்றே செய்யப்படுகிறது. நெடுங்காலம் கிடக்கக்கூடியது கொஞ்சம்தான். அதற்குத் துவர்ப்பு, புளிப்பு, இனிப்பு இவற்றில் ஒன்றாவது தொடக்கத்திலேயே தாராளமாக இருக்க வேண்டும். திராட்சையின் தோலிலும் விதையிலும் இருந்து வருகிற துவர்ப்பு, வருடக்கணக்கில் ஒன்றோடொன்று பிணைந்து கனத்து அடியில் மண்டியாகப் படியும். நாக்கை இழுத்துப் பிடித்த தன்மை அடங்கும். ஊதாச் சிவப்பு மெல்ல மெல்லச் செங்கல் நிறத்துக்கு வரும். பழ வாசம் பின்வாங்க, பதனிட்ட தோல், காளான், புகையிலை வாசங்கள் வரும். அந்த வலு இல்லாத வைனை இருபது வருடம் வைத்திருந்தால், குடிக்க இருபது வருடம் பிந்தினோம் என்பதுதான் மிச்சம். மச்சானிடம் போத்தலின் வயதைக் கேட்காதீர்கள். எங்கே, யார் செய்தது, இவ்வளவு காலமும் எங்கே கிடந்தது என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு அவர் தலையைச் சொறிந்தால் விடை கிடைத்துவிட்டது.

கிளிநொச்சி திருநகர் வாசகி: அண்ணா 2012இல தந்த போத்தலை விறாந்தைக் கண்ணாடி அலுமாரியில நிறுத்தி, உள்ளுக்குள்ள லைற்றும் போட்டு வைச்சிருக்கிறம். இப்ப பெறுமதி கூடியிருக்கும் என்ன?

அக்கா, 1985இல் லண்டன் கிறிஸ்டீஸ் ஏலத்தில் 1787ஆம் ஆண்டு லஃபீட் போத்தல் ஒன்று 105,000 பவுணுக்குப் போனது. அமெரிக்க ஜனாதிபதி தோமஸ் ஜெபர்சனுடையது என்று சொல்லித்தான் விற்றார்கள். அது பொய் என்ற வழக்கு வம்பெல்லாம் பிறகு வந்தது. வாங்கியவர்கள் ஃபோர்ப்ஸ் குடும்பத்தினர். அவர்களும் உங்களைப் போலவே நிறுத்தி, விளக்குப் போட்டுக் காட்சிக்கு வைத்தார்கள். விளக்கின் சூட்டில் தக்கை காய்ந்து சுருங்கிப் போத்தலுக்குள்ளேயே விழுந்துவிட்டது.

வைன் கேட்பது மூன்று: இருட்டு, 12, 13 பாகை அளவில் மாறாத குளிர், தக்கை நனைந்திருக்கும்படி படுத்த கிடை. உங்கள் விறாந்தையில் மூன்றும் இல்லை. பகலில் முப்பது பாகைக்கு மேலே கொதிக்கிற கிளிநொச்சியில் பத்து வருடத்துக்கு மேலாக அந்தப் போத்தல் நிற்கிறது. அதில் ஏறியிருப்பது விலையாக இராது, புளிப்பாகத்தான் இருக்கும். இனியாவது வருகிற போத்தலை பிறிட்ஜில் மரக்கறி வைக்கும் அடித்தட்டில் படுக்கப் போடுங்கள். அதுகூட சில மாதத்துக்குத்தான். வன்னியில் வைனைச் சேமிக்க உகந்த இடம் விருந்தாளியின் வயிறு.

கனகராயன்குளம் மெக்கானிக்: அப்ப இந்த வெக்கைக்குத் தாக்குப் பிடிக்கிற வைன் உலகத்திலேயே இல்லையோ?

ஒன்று இருக்கிறது. மதேய்ரா. அத்திலாந்திக் கடலில் போர்த்துக்கேயருக்குச் சொந்தமான தீவு அது. அங்கிருந்து பீப்பாய்களில் ஏற்றிய வைன் வெப்ப நாடுகளைக் கடந்து மாதக்கணக்கில் கப்பலில் வெந்து கிடந்தது. கெட்டுப்போகும் என்று பார்த்தால் முன்னிலும் ருசியாக இருந்தது. பிறகு கப்பலை நம்பாமல், வேண்டுமென்றே கூரைக்குக் கீழே வெக்கையில் வைத்துக் காய்ச்ச ஆரம்பித்தார்கள். நூறு வருடம் தாண்டிய மதேய்ராவை இன்றைக்கும் திறந்து குடிக்கிறார்கள். அடுத்த முறை வருகிற மாமாவிடம் ஒரு பட்டியல் கொடுப்பதானால் இதை முதலில் எழுதுங்கள்.

முரசுமோட்டைப் பெரியவர்: வெள்ளைக்காரன் முப்பது வருசம் வைச்சுக் குடிக்கிறான். எங்கட கள்ளை ஏன் தம்பி அப்படி வைக்கேலாது?

ஐயா, கள்ளின் வயது மணித்தியாலக் கணக்கு. பாளையிலிருந்து முட்டிக்குள் சொட்டும்போதே அதிலுள்ள மதுவம் வேலையைத் தொடங்கிவிடும். முட்டிக்குள் சுண்ணாம்பு பூசினால் அது அடங்கிக் கருப்பநீராக நிற்கும். பூசாவிட்டால் சில மணித்தியாலத்தில் நாலைந்து சதவீத மதுசாரத்தோடு கள்ளு தயார். அந்த நாளும் கடந்தால் அசற்றிக் அமில பக்டீரியாவின் ஆட்சி. முடிவு வினாகிரி. வைன்காரன் தன் பொருள் எப்போது முதிரும் என்று வருடக்கணக்கில் காத்திருக்கிறான். சீவல் தொழிலாளி விடிய மரம் ஏறி இறக்கியதைப் பொழுதுபடுவதற்குள் விற்று முடிக்க வேண்டும். ருசிக் கணக்கில் நாங்கள் குறைந்தவர்கள் இல்லை. தவறணைக் கலவையைத் தொடாமல், தனிப்பனைக் கள்ளுத்தான் வேண்டும் என்று அடம்பிடிக்கிற ஆட்களை உங்களுக்குத் தெரியாதா? பிரான்சில் ஒரே தோட்டத்து வைன் என்று விலை கூட்டி விற்பதும் இதே சங்கதிதான். அங்கே அதற்குச் சட்டம், முத்திரை, ஏலம் எல்லாம் உண்டு. இங்கே பிளாவை நீட்டிக்கொண்டு மரத்தடியில் நிற்க வேண்டும்.

நாள் கடத்துவதற்கு எங்களிடம் இரண்டு வழி. சூடாக்கிப் போத்தலில் அடைப்பது ஒன்று; வெளிநாடு போகிற கள்ளு அதுதான். வடித்துச் சாராயமாக்குவது மற்றது. வடமராட்சியில் திக்கம் வடிசாலை அதற்காகத்தான் எழும்பியது. 1978இல் பனை அபிவிருத்திச் சபை வந்தும், பனைச் சாராயத்துக்கு ஒரு பழைய போர்தோவுக்குரிய மரியாதையை எவரும் வாங்கிக் கொடுக்கவில்லை. முதிர வைக்கும் கலை இந்த நாட்டில் இல்லாமலும் இல்லை. தென்னஞ்சாராயத்தைச் சிங்களவர் ஹல்மில்ல என்கிற மரத்தால் செய்த பெரிய பீப்பாய்களில் வருடக்கணக்கில் வைக்கிறார்கள். அது எங்கள் சாவண்டலை மரம். வன்னிக் காட்டில் வளர்கிற மரம்! காடும் இருக்கிறது, பனையும் இருக்கிறது. இரண்டையும் சேர்த்து வைக்கத்தான் ஆள் இல்லை.

வவுனியா தமிழாசிரியை: வைன் குடிப்பது தமிழ்ப் பண்பாடு இல்லை என்று விருந்தில் ஒருவர் ஒரு மணித்தியாலம் பேசினார். என்ன சொல்லலாம்?

அவருக்குப் புறநானூற்றின் 56ஆம் பாட்டைக் கொடுங்கள், ரீச்சர். பாண்டியன் இலவந்திகைப்பள்ளித் துஞ்சிய நன்மாறனை நக்கீரர் வாழ்த்துகிறார். யவனர் கலத்தில் கொண்டுவந்த மணமுள்ள குளிர்ந்த மதுவைப் பெண்கள் பொற்கிண்ணத்தில் ஏந்தித் தர, உண்டு மகிழ்ந்து இரு என்பது வாழ்த்து. வெறும் கவிதை என்பாரானால், புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேட்டில் 1945இல் மோட்டிமர் வீலர் தோண்டியபோது ரோமானியரின் வைன் சாடித் துண்டுகள் கிடைத்ததைச் சொல்லுங்கள். உள்ளூர்ச் சரக்கும் குறைவில்லை. மூங்கில் குழாய்க்குள் முதிர வைத்த தேறல் சங்கப் பாட்டில் வருகிறது. அதியமான் இறந்தபோது ஔவை அழுத பாட்டிலே முதலில் வருவதே அவன் கள்ளைப் பகிர்ந்த விதம்தான்.

அந்த யவனர் நாட்டிலும் பழைய வைன் பைத்தியம் இருந்தது. கி.மு. 121ஆம் ஆண்டு வைன் ரோமில் பெரும் புகழ் பெற்றது. ஏறத்தாழ இருநூறு வருடம் கழித்து அதன் மிச்சம் கசந்த தேன் போலக் கெட்டியாகிவிட்டது என்று பிளினி எழுதி வைத்திருக்கிறார். அப்படியும் அதற்கு விலை இருந்தது. அப்போதும் பேருக்குத்தான் காசு.

முல்லைத்தீவு வாசகர்: லண்டனில இருந்து வந்த தம்பி 2009ஆம் ஆண்டு போர்தோ ஒண்டைத் திறந்து, "இது அருமையான வருசம் அண்ணா" எண்டான். மேசையில ஒருத்தரும் பேசேல்ல. அவன் சொன்னது பிழையோ?

பிழையில்லை. போர்தோவில் அந்த வருடம் கோடை நல்ல வெயிலோடு நீண்டது, திராட்சை முழுசாய்ப் பழுத்தது, அந்த வருட வைனை அங்கே தலையில் வைத்துக் கொண்டாடினார்கள். இங்கே ஜனவரி 2இல் கிளிநொச்சி விழுந்தது. மே மாதம் நந்திக்கடலுக்கும் பெருங்கடலுக்கும் நடுவில் என்ன நடந்தது என்று உங்கள் மேசையில் இருந்தவர்களுக்கு நான் எழுதத் தேவையில்லை. கலியாணப் பட அல்பம்கூட மிஞ்சாத வீடுகளில் பழைய போத்தல் ஏது?

தம்பியை ஏசாதீர்கள். அந்த வசந்த காலத்தில் வெஸ்ட்மின்ஸ்ரர் றோட்டில் இரவு பகலாய்க் கொட்டொலி போட்ட பெடியன்களில் அவனும் ஒருவனாக இருந்திருக்கக்கூடும். கேட்டுப் பாருங்கள், அந்த மேசையில் பேச வேண்டிய கதை அது. அடுத்த முறை 2010 கொண்டுவரச் சொல்லுங்கள். போர்தோவில் அதுவும் அதே தரம், ஒரு படி மேல் என்று சொல்கிறவர்களும் உண்டு.

மாங்குளத்து மருமகன்: ஜேர்மனி அக்கா கொண்டுவந்த பழைய வெள்ளை வைனைத் திறந்தால் மண்ணெண்ணெய் மணக்குது. கெட்டுப்போச்சோ?

போத்தலில் றீஸ்லிங் என்று எழுதியிருந்தால் கெடவில்லை. அந்தத் திராட்சை வெயில் கண்டு, வைனும் வயது போகப் போக, டி.டி.என். என்கிற ஒரு பொருள் கூடும். அதன் வாசம் மண்ணெண்ணெய்தான். வைன் படிப்புப் படிக்கிறவர்கள் காசு கட்டி, மூக்கைத் தீட்டி, வருடக்கணக்கில் பழகித்தான் இதைப் பிடிக்கிறார்கள். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடைக்குள் ஜாம் போத்தல் விளக்கில் படித்து, மண்ணெண்ணெயில் ஓடிய மோட்டார் சைக்கிளில் பின்னுக்கு இருந்து போன உங்களுக்கு அந்தப் படிப்பு இலவசமாகக் கிடைத்திருக்கிறது. அக்காவிடம் "அருமையான முதிர்ச்சி" என்று சொல்லுங்கள். அசந்து போவா.

ஓமந்தை வாசகர்: முப்பது வருசப் போத்தலின்ர தக்கை பாதியிலேயே முறிஞ்சு போச்சு. பிறந்தநாள்காரர் முகத்தைப் பார்க்கேலாமல் இருந்தது. என்ன செய்யிறது?

பழைய தக்கை முறிவது வழமை. மிச்சத்தை உள்ளே தள்ளிவிட்டு, சுத்தமான மெல்லிய துணியால் வேறு பாத்திரத்துக்கு வடியுங்கள். முறியாவிட்டாலும் வடிக்க வேண்டியதுதான், அடியில் மண்டி இருக்கும். அதற்காகத்தான் விருந்துக்கு முதல் நாளே போத்தலை நிமிர்த்தி வைப்பார்கள். நன்னூல்காரர் மாணாக்கரைத் தரம் பிரித்தபோது, நல்லதைப் போகவிட்டுக் கசடைப் பிடித்து வைக்கும் நெய்யரியைக் கடைசி வாங்கில் இருத்தினார். பாவம், பவணந்தி முனிவர் பழைய வைன் வடித்ததில்லை. இந்த வேலைக்கு முதல் மாணாக்கன் அவன்தான்.

இன்னொன்று. வடித்த பழைய வைனைக் காற்று வாங்கட்டும் என்று மணித்தியாலக் கணக்கில் வைக்காதீர்கள். இளம் வைனுக்குக் காற்று நல்லது. கிழட்டு வைனின் வாசம் அரை மணித்தியாலத்திலேயே கலைந்து போகக்கூடும். பேச்சு நீளமான வீடு என்றால், வாழ்த்துரைகளை முடித்துவிட்டுத் திறக்கவும்.

பூநகரி வாசகி: எங்கட வீட்டு விருந்து மொட்டைக்கறுப்பன் சோறும் நண்டுக் குழம்பும் ஒடியற் கூழும். உதுகளுக்கு எந்த வைன் சரி?

முதலில் எனக்கு ஓர் அழைப்பு அனுப்பியிருக்கலாம். சிவப்பு வைனைத் தள்ளி வையுங்கள். மீன், நண்டோடு சில சிவப்பு வைன்கள் சேர்ந்தால் வாயில் வெடுக்கு நாற்றம் எழும்பும். வைனிலுள்ள இரும்புதான் அதற்குக் காரணம் என்று 2009இல் யப்பானிய ஆய்வாளர்கள் கண்டு சொன்னார்கள். செத்தல் மிளகாய் உறைப்புக்கு மேலே மதுசாரமும் துவர்ப்பும் விழுந்தால் எரிச்சல் இன்னும் ஏறும். ஆகவே கொஞ்சம் இனிப்பு நிற்கிற, மதுசாரம் குறைந்த, நன்றாகக் குளிர்ந்த வெள்ளை வைன். கூழுக்கு மட்டும் வைன் வேண்டாம். அது பிளாவில் குடிக்கிற சாப்பாடு. பக்கத்துப் பிளாவில் என்ன இருக்க வேண்டும் என்று பூநகரியாருக்கு நான் சொல்வதா?

அந்தச் சிவப்பு வைனை இறைச்சிக் கறி நாளுக்கு வையுங்கள். "அறை வெப்பநிலையில் பரிமாறவும்" என்று போத்தலில் எழுதியிருந்தால் அது ஐரோப்பியன்ர அறை, பதினாறு பதினெட்டுப் பாகை. உங்கள் அறை இல்லை. இருபது நிமிடம் பிறிட்ஜில் வைத்து எடுங்கள்.

உருத்திரபுரம் வாசகர்: விருந்தில ஒருத்தர் ஒரு மிடறு குடிச்சுப்போட்டு "செரிப்பழம், ஓக் மரம், ஈரக் காடு" எண்டு அடுக்கினார். எனக்கு ஒண்டும் பிடிபடேல்ல. நான் மோடனோ?

இல்லை. 2001இல் வெளிவந்த ஓர் ஆய்வில் ஃபிரெடெரிக் புரோஷே என்பவர் போர்தோவில் வைன் படிக்கும் 54 மாணவர்களுக்கு, வெள்ளை வைனில் மணமில்லாத சிவப்புச் சாயம் கலந்து கொடுத்தார். அவர்கள் சிவப்பு வைனுக்குரிய சொற்களாலேயே அதை வர்ணித்தார்கள். அங்கே கண்தான் ருசி பார்த்தது. செரிப்பழத்தை மரத்தில் கண்டிராத நீங்கள் அதைத் தேடி ஏன் அலைய வேண்டும்? நாவற்பழம், பாலைப்பழம், பழம்புளி, மழை விழுந்த வயல் என்று உங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லுங்கள். அதுவும் சரியான விவரணம்தான். அடுத்த விருந்தில் எல்லாப் போத்தலையும் பேப்பரால் சுற்றி, இலக்கம் போட்டு, இளசு முதலில் கிழடு பிறகு என்று ஊற்றுங்கள். எது பிடித்தது என்று ஒவ்வொருவரும் எழுதிய பின்னால்தான் பேப்பரை உரிக்க வேண்டும். ஈரக் காட்டுக்காரரின் குரல் அப்போது எவ்வளவு தணிகிறது என்று பாருங்கள். வெறிக்காமல் எட்டுப் போத்தல் ருசி பார்க்க வேண்டுமானால் தொழில்காரர் மாதிரித் துப்ப வேண்டும். ஆச்சியின் படிக்கத்தைப் பரணிலிருந்து இறக்குங்கள்.

நெடுங்கேணி வியாபாரி: 1950ஆம் ஆண்டுப் போத்தல் எண்டு ஒருத்தர் கொழும்பில மலிவாய்த் தாறாராம். வாங்கலாமோ?

ரூடி குர்னியவான் என்றொருவர் அமெரிக்காவில் இருந்தார். பெரும் பணக்காரர்களுக்குப் பழைய வைன் விற்ற இளைஞன். வீட்டுக் குசினியில் மலிவான வைன்களைக் கலந்து, பழைய லேபல் ஒட்டி விற்றிருக்கிறார். 2008இல் பொன்சோ தோட்டத்து வைன் என்று 1945 முதலான வருடங்களை நியூயோர்க் ஏலத்துக்கு அனுப்பினார். அந்தத் தோட்டம் அந்த வைனைச் செய்யத் தொடங்கியதே 1980களில்தான். தோட்டக்காரர் நேரில் வந்து நிறுத்தினார். 2014இல் பத்து வருடச் சிறை. கோடீஸ்வரர்களே ஏமாந்த சந்தையில் மலிவு விலைக்கு ஒரே ஒரு கருத்துத்தான் உண்டு.

ஒட்டுசுட்டான் வாசகி: ஆம்பிளையள் மேசையில இருந்து ருசி பார்க்கினம், நாங்கள் குசினியில. பெண்கள் வைன் வாங்கவே கூடாது எண்டு சட்டமாமே?

1979இல் வந்த ஓர் அறிவித்தல், மதுக்கடை வளவுக்குள் பெண்களுக்கு விற்கவோ கொடுக்கவோ கூடாது என்றது. 2018 ஜனவரியில் நிதியமைச்சர் மங்கள சமரவீர அதை நீக்கினார். சில நாட்களில் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அந்த நீக்கத்தை நீக்கச் சொன்னார். உங்கள் வீட்டு மேசையைப் பற்றி அந்தக் காகிதம் ஒரு சொல்லும் பேசவில்லை. நண்டுக் குழம்புக்கு உப்புப் பார்க்கிற நாக்கை விட நல்ல நாக்கு அந்த மேசையில் இருக்க வாய்ப்பில்லை. ருசிப்பதும் விடுவதும் உங்கள் விருப்பம். ஆனால் தட்டுக் கழுவுகிற முறை இந்தத் தடவை மச்சான்மாருக்கு.

செட்டிகுளம் ஓய்வூதியர்: சிவப்பு வைன் இதயத்துக்கு நல்லதாமே?

2023 ஜனவரியில் உலக சுகாதார அமைப்பு, மதுசாரத்தில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது எனச் சொல்லிவிட்டது. மருந்தாக வேண்டுமென்றால் முந்திரிகைக் குலை வாங்கித் தின்னுங்கள்.

புதுக்குடியிருப்பு தாயொருவர்: கசிப்பாலயும் சாராயத்தாலயும் குடும்பங்கள் சீரழியுது. நீங்கள் வைன் ருசி எழுதுறீங்கள். வெக்கமில்லையா?

நியாயமான ஏச்சு, அம்மா. போருக்குப் பிறகு வன்னிக்கு வேகமாக வந்து சேர்ந்தவற்றில் மதுச்சாலையும் ஒன்று. 2024இல் கொடுத்த புதிய அனுமதிப்பத்திரங்களின் பட்டியல் அந்த வருட இறுதியில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டபோது, கிளிநொச்சியின் பெயரும் அடிபட்டது. நாட்கூலியின் பாதி அங்கே இறங்குவதும், காட்டுக்குள் காய்ச்சுகிற கசிப்பு ஆளை முடிப்பதும் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஒரு போத்தலை எட்டுப் பேர் பங்கிட்டு, சாப்பாட்டோடு, இரண்டு மணித்தியாலம் கதைத்துக் குடிப்பதும், ஒருவர் ஒரு போத்தலைக் கால் மணித்தியாலத்தில் முடிப்பதும் ஒன்றில்லை என்பது என் கட்சி. குடிக்காதவர் யாரையும் தொடங்கச் சொல்லி ஒரு வரியும் நான் எழுதவில்லை. உங்கள் கடிதத்தை மதுவரித் திணைக்களத்துக்கும் பிரதி எடுத்து அனுப்புங்கள். பதில் வந்தால் இந்தப் பக்கத்தில் முதலிடம் அதற்கு.

கரிப்பட்டமுறிப்பு இளைஞர்: விருந்து முடிய இரவு பத்து மணி. நாலு மிடறுதானே, ஏ9ஆல மோட்டார் சைக்கிளில வரலாம் என்ன?

வரக் கூடாது. நூறு மில்லிலீற்றர் இரத்தத்தில் எண்பது மில்லிகிராம் என்பது பொலிசின் கணக்கு. குறுக்கே வருகிற மாட்டுக்கும், லைற் இல்லாமல் நிற்கிற உழவு இயந்திரப் பெட்டிக்கும் அந்தக் கணக்குத் தெரியாது. பழைய வைன் திறக்கிற வீட்டில் ஒரு பாயும் தலையணையும் இல்லாமல் போகாது. படுத்து விடிய வாருங்கள்.